கையகல அட்டையில் ஒரு கலைஞர்: நந்தலால் போஸ்

நுழையும்முன்

பொங்கல் திருநாள் நெருங்கும்போது கடைகளில் வாழ்த்து அட்டைகள் வாங்கி, உற்றார்க்கும் நண்பர்க்கும் அஞ்சலில் அனுப்பும் வழக்கம் தமிழகத்தில் பல்லாண்டுகள் நிலவியது. இன்று அவ்வாழ்த்துகள் கைப்பேசி வழியே நொடியில் சென்று சேர்கின்றன. ஆயினும், ஒருவர் தம் கையால் வரைந்து அனுப்பும் அட்டைக்குத் தனி மதிப்பு உண்டு. பெற்றவர் அதனைப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பர். இந்தியாவின் பெரும் ஓவியருள் ஒருவர், வாழ்நாள் முழுவதும் சிறுசிறு அட்டைகளில் படம் வரைந்து பிறர்க்கு அனுப்பி மகிழ்ந்தார். அவர் கல்வி கற்றதும் மறைந்ததும் நீங்கள் வாழும் இதே கொல்கத்தாவில்தான். அவரே நந்தலால் போஸ். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் கற்போம்.

தாய் தந்த முதற்பாடம்

நந்தலால் போஸ் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பீகாரில் முங்கேர் பகுதியைச் சேர்ந்த கரக்பூர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வங்காளக் குடும்பம். தந்தை பூர்ணசந்திர போஸ், தர்பங்கா சமஸ்தானத்தில் பணியாற்றியதால் அக்குடும்பம் வங்காளத்துக்கு வெளியே வாழ நேர்ந்தது. ஆகவே நந்தலாலும் உங்களைப் போன்று, தாய்மொழி வழங்கும் நிலத்துக்கு அப்பால் வளர்ந்த பிள்ளையே ஆவார்.

தாய் க்ஷேத்ரமணி தேவி, பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்வதில் கைதேர்ந்தவர். வீட்டில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே அவர் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து தருவார். விலையுயர்ந்த பொருள் இல்லாமலே அழகிய ஒன்றை ஆக்க முடியும் என்பதை நந்தலால் முதன்முதல் தம் தாயிடமே கண்டார். ஆனால் அத்தாயோடு அவர் நெடுங்காலம் வாழவில்லை. நந்தலால் சிறுவனாக இருந்தபோதே அவர் காலமானார். தாயின் மறைவுக்குப் பின்னரும் மண்ணில் உருவங்கள் செய்வதையும், பூசைப் பந்தல்களை அழகு செய்வதையும் நந்தலால் விடவில்லை.

தேர்வில் தோல்வி, கலையில் நாட்டம்

1898இல், தம் பதினைந்தாம் வயதில், உயர்நிலைக் கல்விக்காக நந்தலால் கொல்கத்தா வந்து சேர்ந்தார். பள்ளி இறுதித் தேர்வில் வென்று 1902இல் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே சுதீரா தேவியை மணந்தார். ஆனால் கல்லூரிப் பாடங்களில் அவர் மனம் ஈடுபடவில்லை. தேர்வுகளில் மீண்டும் மீண்டும் தோற்றார். 1905இல் மாநிலக் கல்லூரியில் வணிகவியல் படிக்கச் சேர்ந்தார். அங்கும் அதே நிலைதான்.

ஓவியம் பயில வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அக்காலத்தில் ஓவியத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று எவரும் எண்ணவில்லை. மணமான இளைஞர் ஒருவர், நிலையான வேலைக்கு வழிகாட்டும் படிப்பை விட்டுவிட்டுத் தூரிகையைக் கையில் எடுப்பது வீட்டாருக்குக் கவலை அளித்தது. நந்தலால் அவர்களுடைய இசைவை அரிதின் முயன்று பெற்றார். பின்னர் கொல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியின் முதல்வராக இருந்தவர் ஈ. பி. ஹேவல் என்னும் ஆங்கிலேயர். துணை முதல்வர் அபனீந்திரநாத் தாகூர். ஐரோப்பிய ஓவியங்களைப் படியெடுப்பதே கல்வி என்றிருந்த நிலையை மாற்றி, இந்தியக் கலைமரபை மாணவர்க்கு அறிமுகம் செய்தவர்கள் இவ்விருவருமே. அபனீந்திரநாத், நந்தலாலின் ஆசிரியராக மட்டுமன்றி வாழ்நாள் வழிகாட்டியாகவும் விளங்கினார்.

சிவனையும் சதியையும் நந்தலால் தீட்டிய ஓவியத்துக்குக் கண்காட்சி ஒன்றில் 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்நாளில் அது பெருந்தொகை. அப்பணத்தைச் செலவிட்டு அவர் நாடு சுற்றினார். வடநாட்டுத் தலங்களையும் தென்னாட்டுக் கோயில்களையும் நேரில் கண்டு, சிற்பங்களை உற்றுநோக்கிப் பயின்றார். அதன்பின் 1909 முதல் 1910 வரை நடைபெற்ற அஜந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்கும் பணியில் பங்கேற்றார். ஹெர்ரிங்ஹாம் சீமாட்டி என்பவர் முன்னின்று நடத்திய பணி அது. மங்கலான குகைச் சுவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் வரைந்த கோட்டைத் தம் கையால் மீண்டும் வரைந்தபோது, ஒரு கோட்டின் ஆற்றல் எத்தகையது என்பதை அவர் உணர்ந்தார்.

மூன்று தீக்குச்சிகள்

ஜப்பானியக் கலை அறிஞர் ஒக்காகுரா ககுசோ கொல்கத்தா வந்திருந்தபோது இளம் ஓவியர்களுக்கு ஒரு கருத்தை எளிய முறையில் விளக்கினார். மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக வைத்தார். ஒன்று இயற்கை, மற்றொன்று மரபு, மூன்றாவது கலைஞனின் சொந்தக் கற்பனை. மூன்றும் சேர்ந்தால்தான் கலை நிறைவு பெறும். இயற்கையை மட்டும் நம்பினால் ஓவியம் வெறும் படியெடுப்பாகிவிடும். மரபை மட்டும் பற்றினால் உயிரற்றுப் போகும். தன் கற்பனை ஒன்றையே நம்பினால் அடித்தளம் இன்றித் தள்ளாடும். நந்தலால் இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டார். பிற்காலத்தில் தம் மாணவர்க்கும் இதனையே கற்பித்தார்.

சாந்திநிகேதனில் ஆசிரியர்

இரவீந்திரநாத் தாகூர் 1919இல் சாந்திநிகேதனில் கலாபவனத்தைத் தொடங்கினார். அங்கு நந்தலால் ஆசிரியராக வரவேண்டும் என்று அவர் விரும்பினார். கொல்கத்தாவிலோ அபனீந்திரநாத் தம் மாணவரைப் பிரிய மனமின்றி இருந்தார். ஒருபுறம் வாழ்வளித்த குரு. மறுபுறம் புதிய கல்விமுறை ஒன்றை உருவாக்க அழைக்கும் கவிஞர். நந்தலால் சிலகாலம் இரு இடங்களுக்கும் இடையில் தவித்தார். முடிவில் சாந்திநிகேதனையே தேர்ந்தெடுத்தார். 1922இல் கலாபவனத்தின் தலைவரானார். அப்பணியை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆற்றினார்.

அவருடைய வகுப்பறைக்குச் சுவர்கள் குறைவு. செம்மண் பாதை, பனைமரம், சந்தால் மக்களின் சிற்றூர், மழைக்காலத்து வயல் ஆகியவையே பாடங்கள். மாணவர் முதலில் கண்ணால் நன்கு பார்க்க வேண்டும். பிறகே கையால் வரைய வேண்டும் என்பது அவர் முறை. வங்காள மகளிர் அரிசிமாவைக் குழைத்துத் தரையில் விரலால் வரையும் ஆல்பனாவையும் அவர் கலாபவனத்தில் இடம்பெறச் செய்தார். நம் வீட்டு வாசலில் இடும் கோலத்துக்கு உறவான கலை அது. நந்தலாலின் மகள் கௌரி பஞ்சா அக்கலையைப் பலருக்குக் கற்பித்தார். தரையில் வரையும் பூவும் சட்டமிட்டு மாட்டும் ஓவியமும் ஒரே மதிப்புடையவை என்று நந்தலால் கருதினார்.

கையகல அட்டைகள்

நந்தலால் எங்குச் சென்றாலும் வெற்று அட்டைகள் சிலவற்றைத் தம்முடன் எடுத்துச் செல்வார். தொடர்வண்டியிலிருந்து கண்ட மலை, வழியில் நின்ற ஆடு, கூடை சுமக்கும் பெண், காற்றில் வளையும் ஒரு புல் என எதைக் கண்டாலும் சில கோடுகளில் அட்டையில் பதித்துவிடுவார். அவற்றுள் பல, மாணவர்க்கும் நண்பர்க்கும் அஞ்சலில் சென்றன. நீண்ட மடல் எழுத நேரமில்லாதபோது படமே மடலாயிற்று.

1924இல் அவர் தாகூருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்றார். அந்நாட்டு ஓவியர்கள் கருமையைத் தூரிகையில் தோய்த்துச் சில வீச்சுகளில் மூங்கிலையும் பறவையையும் தீட்டுவதை நேரில் கண்டார். படத்தின் ஓரத்தில் அவர்கள் சிவப்பு முத்திரை பதிப்பர். நந்தலாலும் தம் படங்கள் பலவற்றில் அவ்வாறே முத்திரை பதித்தார். வெண்ணிற அட்டையில் கருமைக் கோடுகளுக்கு அருகே அந்தச் சிறு சிவப்பு, நெற்றித் திலகம் போல் அழகு சேர்த்தது. முதுமையில் தாள்களைக் கிழித்து ஒட்டியும் அவர் படங்கள் ஆக்கினார். சிறிய அளவை அவர் என்றும் குறையாகக் கருதவில்லை.

செதுக்கிப் பதித்த படங்கள்

1930இல் தாகூர் எழுதிய சகஜ பாட் என்னும் வங்காள அரிச்சுவடி வெளிவந்தது. அதற்குப் படம் ஆக்கித் தந்தவர் நந்தலால். உங்கள் வங்காளத் தோழர்கள் பலர் எழுத்து கற்ற நூல் அதுவே. அதே ஆண்டில் காந்தியடிகள் தண்டிக்கு நடைப்பயணம் மேற்கொண்டார். கைத்தடி ஊன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவத்தை நந்தலால் கறுப்பு வெள்ளையில் ஆக்கினார். நாடெங்கும் புகழ்பெற்ற படம் அது.

இப்படங்கள் லினோலியம் என்னும் மென்மையான தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. இம்முறையில் வெண்மையாக இருக்க வேண்டிய பகுதிகளைக் கூரிய உளியால் அகழ்ந்து நீக்குவர். எஞ்சி நிற்கும் மேட்டுப் பகுதியில் மை தடவுவர். அதன்மீது தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். படம் இடவலம் மாறிப் பதியும் என்பதை நினைவில் வைத்தே செதுக்க வேண்டும். ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். எனவே செல்வர் ஒருவர் வீட்டுச் சுவரில் மட்டும் தொங்காமல், பலருடைய கைக்கும் படம் சென்று சேரும். எளிய மக்களுக்குக் கலை எட்டவேண்டும் என்று விரும்பிய நந்தலாலுக்கு இம்முறை ஏற்றதாக அமைந்தது.

ஊர்மக்களுக்காக ஓர் ஓவியக் கூடம்

காங்கிரஸ் மாநாட்டுப் பந்தல்களை அழகு செய்யும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். 1936இல் பைஸ்பூரில் மூங்கிலையும் வைக்கோலையும் போன்ற உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே பந்தல் எழுந்தது. 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் மாநாடு கூடியது. அதற்காக நந்தலாலும் மாணவரும் ஏறத்தாழ 400 படங்கள் வரைந்தனர். அவற்றுள் 80க்கும் மேற்பட்டவை நந்தலால் தம் கையாலேயே வரைந்தவை. கையால் செய்த தாளில் எளிய வண்ணங்களைப் பூசினர். மேளம் கொட்டுபவர், தச்சர், தையற்காரர், நெல் குற்றும் பெண் ஆகியோரே அப்படங்களின் நாயகர்கள். மாநாட்டுக்கு வந்த உழவர், அரசரையும் வீரரையும் காண வேண்டிய இடத்தில் தம்மையே கண்டனர்.

அரசியலமைப்பில் தமிழகக் கலை

நாடு விடுதலை பெற்றபின் இந்திய அரசியலமைப்பின் மூலப்படி கையால் எழுதப்பட்டது. அதன் பக்கங்களை ஓவியங்களால் அழகு செய்யும் பணி நந்தலாலிடமும் அவர்தம் மாணவரிடமும் வந்தது. சிந்துவெளி முத்திரை முதல் விடுதலைப் போராட்டம் வரை நாட்டின் வரலாறு அப்பக்கங்களில் விரிகிறது. சோழர் காலச் செப்புத்திருமேனி மரபில் அமைந்த நடராசர் உருவமும், மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் அங்கு இடம்பெற்றுள்ளன. 1950ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் அப்படியில் கையொப்பமிட்டனர்.

தமிழகத்துக்கும் வங்காளத்துக்கும் இடையே ஓவியர்கள் சென்று வந்ததும் அறியத்தக்கது. அபனீந்திரநாத்தின் மற்றொரு மாணவரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை ஆக்கியவர் அவரே. கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னையில் பொருளியல் படித்தார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளில் அவர் படிப்பைத் தொடர இயலவில்லை. 1944இல் சாந்திநிகேதன் வந்து நந்தலாலிடம் பயின்றார்; பின்னாளில் இந்தியாவின் முன்னணி ஓவியருள் ஒருவரானார். திரைப்பட மேதை சத்யஜித் ராயும் கலாபவனத்தில் பயின்றவரே.

இறுதிக் காலம்

நந்தலால் 1951இல் ஓய்வு பெற்றார். 1954இல் நாட்டின் உயரிய விருதான பத்ம விபூஷண் பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் அவர் கை ஓயவில்லை. சிறு அட்டைகளிலும் தாள்களிலும் வரைந்துகொண்டே இருந்தார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கொல்கத்தாவில் மறைந்தார். அவருடைய படைப்புகளுள் ஏறத்தாழ 7000 படைப்புகள் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அவர் பிறந்தநாளை ஒட்டி, ஆண்டுதோறும் டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் கலாபவனத்தில் நந்தன் மேளா நடைபெறுகிறது. மாணவரும் ஆசிரியரும் தம் கையால் ஆக்கிய பொருள்களை அங்கு விற்கின்றனர். திரளும் பணம், துன்பத்தில் இருக்கும் மாணவர்க்கு உதவும் நிதியில் சேர்கிறது. கல்லூரித் தேர்வில் தோற்ற ஒருவரின் பிறந்தநாள், இன்று மாணவர் பலருக்குத் துணைநிற்கும் நாளாக விளங்குகிறது.

செய்து மகிழ்வோம்: பூ முத்திரை வாழ்த்தட்டை

தேவையானவை: தடித்த வெள்ளைத் தாள், வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, நீர்வண்ணம், பழைய துணி, கறுப்பு ஸ்கெட்ச் பேனா.

1. தாளை நடுவில் மடித்துக்கொள்க. மடிப்பு, விரல் நகத்தால் நீவப்பட்டு நேராக இருத்தல் வேண்டும்.
2. பெரியவர் ஒருவரின் துணையுடன் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுக. வெட்டிய முகத்தில் ஐந்து இதழ்ப் பூவின் வடிவம் தெரியும். அதன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க.
3. நனைத்த துணியை மடித்து ஒரு தட்டில் வைத்து, அதன்மேல் கெட்டியான வண்ணத்தை ஊற்றுக. இதுவே மையொற்றி. வண்ணம் நீர்த்திருந்தால் பூவின் வடிவம் கலங்கிவிடும்.
4. வெண்டைக்காயை மையொற்றியில் மெல்ல அழுத்தி, அட்டையில் நேராகப் பதிக்க. அசைக்காமல் மேலே எடுக்க.
5. உருளைக்கிழங்கை இலை வடிவில் செதுக்கி, பச்சை வண்ணத்தில் பதிக்க.
6. வண்ணம் நன்கு உலர்ந்தபின் ஸ்கெட்ச் பேனாவால் காம்பும் நரம்பும் வரைக. ஓரத்தில் கோலப் புள்ளிகளையோ ஆல்பனாக் கொடியையோ சேர்க்கலாம்.
7. உங்கள் பெயரின் முதலெழுத்தை உருளைக்கிழங்குத் துண்டில் இடவலம் மாற்றிச் செதுக்கிச் சிவப்பில் பதிக்க. இதுவே உங்கள் முத்திரை.

அட்டை முடிந்ததும் மூன்று தீக்குச்சிகளை நினைவுகூர்க. காயின் வடிவில் இயற்கை உள்ளது. கோலத்தில் மரபு உள்ளது. உங்கள் சொந்தக் கற்பனை எங்கு உள்ளது என்று தேடிப் பார்க்க. இல்லையெனில் அதற்கும் ஓர் இடம் தருக.

உள்ளே, ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு நான்கு வரிகள் தமிழில் எழுதுக. சால்ட் லேக்கில் அன்று நீங்கள் கண்ட ஒரு மரத்தையோ பறவையையோ அவ்வரிகளில் குறிப்பிடுக. தமிழ்ப் புத்தாண்டும் வங்காளப் புத்தாண்டும் ஏப்ரல் நடுவில் அடுத்தடுத்து வருவதால், பக்கத்து வீட்டு வங்காளத் தோழர்க்கும் ஓர் அட்டை செய்து தரலாம்.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
அரிதின் – மிகுந்த முயற்சியுடன்
அகழ்ந்து – தோண்டி
எஞ்சி – மீதமாகி
தோய்த்து – நனைத்து
உற்றார் – உறவினர்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. அஞ்சலட்டை 2. வாழ்த்தட்டை 3. கையகலம் 4. நெடுங்காலம்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. நந்தலால் போஸ் பிறந்த ஊர் ________.
2. சகஜ பாட் வெளிவந்த ஆண்டு ________.
3. அரசியலமைப்பில் இடம்பெற்ற பாறைச் சிற்பம் ________ ஊரைச் சேர்ந்தது.

இ. ஓரிரு தொடரில் விடை தருக.
1. நந்தலாலின் தாயிடம் இருந்த திறன் யாது?
2. பரிசாகப் பெற்ற 500 ரூபாயை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்?
3. முத்திரையில் எழுத்தை ஏன் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்?

ஈ. ஐந்து தொடர்களில் எழுதுக.
1. ஹரிபுராப் படங்களில் உழவரும் தச்சரும் இடம்பெற்றது ஏன் சிறப்புடையது?
2. நந்தலால் வணிகவியலையே தொடர்ந்து படித்திருந்தால் எவையெல்லாம் நிகழ்ந்திரா? சிந்தித்து எழுதுக.

உ. கலந்துரையாடுக.
கோலத்துக்கும் ஆல்பனாவுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை உங்கள் வீட்டிலும் வங்காளத் தோழர் வீட்டிலும் கேட்டறிந்து, வகுப்பில் எடுத்துரைக்க.